ஒரு 'ல்' கூடிப்போனது

மார்ச் 4, செவ்வாய்

இன்று அக்கா என்னிடம் ஒரு சட்டத்தைக் கொடுத்து அடிக்கச் சொன்னாள். சட்டை இல்லை, சட்டம். இன்னும் முழுச் சட்டமாகவில்லையாம், வரைவுதானாம். இருந்தாலும் என் மேசையில் ஒரு சட்டம் உட்கார்ந்திருக்கிறது. அதை விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகக்கூட மனசு வரவில்லை.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. அச்சகத்து முதலாளி. 'முதலாளி' என்று கூப்பிட்டால் கிண்டல் பண்ணுகிறாயா என்று முறைக்கிறாள். அதனால் அக்கா. நான் சேர்ந்ததிலிருந்து அடித்ததெல்லாம் விசிட்டிங் கார்டு, வாடகை ரசீது, 'இங்கே வண்டி நிறுத்தாதீர்'. அங்கிருந்து நேராகச் சட்டம்.

போனுக்கும் இன்டர்நெட்டுக்கும் இப்போது இருப்பது தந்தி அடித்த காலத்துச் சட்டமாம். கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுக்க ஒரு அலுவலகம், கட்டணத்தைக் கவனிக்க ஒன்று, புகார் கேட்க இன்னொன்று. ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைக் கைகாட்டும். மூன்றையும் கலைத்துவிட்டு ஒரே ஆணையம் வைக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு சீர்திருத்தக் குழு ஊர் ஊராகப் போய் ஜனங்களிடம் கருத்துக் கேட்கிறது. நம் ஊர்க் கூட்டத்துக்கான வரைவு, போஸ்டர், பேனர் எல்லாம் எங்கள் கடையில்தான்.

இந்த வேலை ஒழுங்காக முடிந்தால் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வேன் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். முடியாவிட்டால் அத்தை வீடு. அத்தைக்கு இரட்டைப் பையன்கள். இருவரும் கடிப்பார்கள். ஒருவன் கடித்த இடத்தைத் தேடிப்பிடித்து அடுத்தவன் கடிப்பான். "சும்மா வீட்ல இருக்கற பொண்ணுதானே, அனுப்பி வைங்க அண்ணி" என்று அத்தை வாராவாரம் போன் செய்கிறாள். அம்மாவும் மறுத்துச் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கப் பயந்தே படிப்பை விட்ட பெண்ணை வேறென்ன செய்வது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

மார்ச் 6, வியாழன்

நான் ஒரு மேதை. இதை யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

அந்த வரைவில் வரிக்கு வரி 'தொலைத்தொடர்பு' வருகிறது. கை கழன்றுவிடும் போலிருந்தது. கம்ப்யூட்டரில் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு நீளமான சொல்லுக்குச் சுருக்கம் வைத்துக்கொள்ளலாம். 'தொதொ' என்று அடித்து ஒரு இடைவெளி விட்டால் முழுச் சொல்லும் தானே வந்து குதிக்கும். பிறகு கடைசியில் 'ச்'சோ 'க்'கோ ஒட்டிவிட்டால் போதும்.

கடையில் புத்தகம் தைத்து ஒட்டும் பைண்டர் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் என்னை மைக்செட் என்றுதான் கூப்பிடுவார், நான் பேசுவதே இல்லை என்பதற்காக.

"மைக்செட்டு, இது கம்ப்யூட்டரா, கிளியா? ரெண்டெழுத்து சொன்னா மிச்சத்த அதுவே சொல்லுது."

தொதொ. தொதொ. தொதொ. நாள் முழுக்க யாரோ விலா எலும்பில் விரல் வைத்த மாதிரி சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

மார்ச் 8, சனி

கனவிலும் தொதொ.

மார்ச் 11, செவ்வாய்

வரைவு முடிந்தது. அக்கா வாய்விட்டு வேகமாகப் படித்தாள், நான் பக்கம் புரட்டினேன். எல்லாம் சரி. போஸ்டர், பேனர் எல்லாவற்றின் மாதிரியையும் பார்த்து ஒப்புதல் கொடுக்கக் குழுவிலிருந்து ஒரு சார் வந்தார். குழந்தையைத் தூக்குவது போல் எப்போதும் ஒரு கோப்பை மார்போடு அணைத்திருப்பார். கோப்பு சார்.

அவர் முதல் பக்கத்தைத் திறந்ததும் அவருடைய போன் அடித்தது.

"வேண்டாம்மா... இல்லம்மா, எனக்குக் கடன் தேவையில்ல... காலைலயும் ஒருத்தங்க கேட்டாங்கம்மா... மனைவிகிட்டயும் கேக்க வேண்டாம்மா..."

வைத்தார். மறுபடி அடித்தது. மறுபடி 'வேண்டாம்மா'. இரண்டு வேண்டாம்மாவுக்கு நடுவில் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். "பிரமாதம். பிழையே இல்ல" என்று வேறு சொன்னார்.

பிழையே இல்ல. வீடு வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். வேண்டுமென்றே சுற்றுவழியில் நடந்து வந்தேன். பேருந்து நிலையச் சுவர், மருந்துக்கடைப் பக்கம், காய்கறிச் சந்தை வாசல் — எங்கே திரும்பினாலும் நான் அடித்தது. பேருந்து நிலையத்தில் இரண்டு பேர் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. பக்கத்தில் போய் பஸ்ஸுக்கு நிற்பவள் மாதிரி நின்றேன்.

"தொல்லைத்தொடர்பாம் பா. கடைசியா இதுக்கும் ஒரு சட்டம் போடறாங்க."

"அந்தக் கடன் வேணுமா, கார்டு வேணுமான்னு உயிர எடுக்கறாங்களே, அதுவா?"

"அதேதான். வியாழக்கிழமை கூட்டம். போயே ஆகணும்."

பாவம், படிக்கத் தெரியவில்லை இவர்களுக்கு என்று நினைத்துச் சிரித்தேன். அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன்.

தொல்லைத்தொடர்பு.

ஐயோ. ஒரு 'ல்' கூட இருக்கு. சுருக்கம் வைக்கும்போதே தப்பா வச்சிருக்கேன். மேதையாம் மேதை. ஒரு இடத்துல தப்புன்னா கூடப் பரவால்ல, தொதொ போட்ட இடமெல்லாம் தொல்லை. போஸ்டர்ல, பேனர்ல, வரைவுல, அட்டைல. 'தொல்லைத்தொடர்புச் சட்டச் சீர்திருத்தக் குழு'. ஊருக்கே தெரியற மாதிரி. நானே நின்னு ரசிச்சுட்டு வந்திருக்கேன்.

அத்தை வீட்டுப் பையன்களுக்கு இப்போது கடைவாய்ப் பல்லும் முளைத்திருக்கும்.

மார்ச் 15, சனி

காலையில் கடை திறந்ததும் அக்காவிடம் சொல்லிவிட்டேன். சொன்னேன் என்றால், போஸ்டரை நீட்டி அந்த எழுத்தில் விரலை வைத்தேன். அக்கா பார்த்தாள். உட்கார்ந்தாள். வாய்விட்டுப் படித்தாள். பைண்டர் அண்ணன் பசை டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு குலுங்கினார்.

"அண்ணே, நீங்க சிரிச்சா நான் அழுதுடுவேன்" என்றாள் அக்கா.

கோப்பு சாரை வரவழைத்தோம். பார்த்ததும் முகம் வெளுத்துப்போய்க் கோப்பை இன்னும் இறுக்கிக்கொண்டார். "ஐயையோ, எல்லாத்துலயும் என் கையெழுத்து இருக்கே." கொஞ்ச நேரம் கழித்து அவரே தேறினார். "பயப்படாதீங்க. இந்த மாதிரிக் கூட்டத்துக்கு யாரும் வர மாட்டாங்க. நாலு கம்பெனி வக்கீல் வருவாங்க. ஏசி ஓடுதேன்னு ரெண்டு பேர் வந்து தூங்குவாங்க. யார் படிக்கப் போறாங்க?"

"பேனர்?" என்றாள் அக்கா.

"அந்த எழுத்துக்கு முன்னால ஒரு ஃபேனை நிறுத்திடறேன்."

இது அரசாங்கத்தின் முடிவு. நான் தலையாட்டினேன்.

மார்ச் 20, வியாழன்

இன்னும் தூக்கம் வரவில்லை. இது பயமா, சிரிப்பா? தெரியவில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கூடுதல் பிரதிகளைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி அக்கா என்னைக் கூட்டத்துக்கு அனுப்பினாள். மண்டபத்து வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே இடமில்லை. படிக்கட்டில் இடமில்லை. சைக்கிள் நிறுத்தத்திலும் ஆட்கள். முடிதிருத்துபவர், மின்வாரியத்துக்காரர்கள், நர்சுகள், லாரி டிரைவர்கள், எங்கள் பின் தெருத் தையல்கடை அம்மா. ஏசியை நம்பி வந்தவர்கள் மூலையில் நசுங்கிக்கொண்டிருந்தார்கள். கோப்பு சார் மேடையோரம் நின்று கோப்பால் விசிறிக்கொண்டிருந்தார்.

நடுவில் குழுத் தலைவர். தலையெல்லாம் நரைத்த அம்மா. புழுக்கம் தாங்காமல் ஒரு லாரி டிரைவர் எழுந்து, "அம்மா, அந்த ஃபேனைக் கொஞ்சம் எங்க பக்கம் நகத்துங்க" என்றார். கோப்பு சார் ஓடி வருவதற்குள் நான்கு பேர் சேர்ந்து நகர்த்திவிட்டார்கள்.

எல்லார் பார்வையும் ஒரே இடத்துக்குப் போவதைப் பார்த்துத் தலைவரம்மா திரும்பினார். பேனரை மெதுவாகப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். தோள் குலுங்கியது. முகத்தை இந்தப் பக்கம் திருப்பும்போது சிரிப்பை எங்கோ ஒளித்து வைத்திருந்தார்.

"சரி. யார் முதல்ல பேசறீங்க?"

முடிதிருத்துபவர்தான் முதல். "கத்தி கைல இருக்கும்போதுதாம்மா கூப்பிடுவாங்க. நான் எடுக்கறதில்ல. ஆனா சேர்ல உக்காந்திருக்கறவருக்கும் அதே நேரத்துல வரும். அவரு சட்டுன்னு திரும்புவாரு. அப்புறம் நான் காதுக்குப் பஞ்சு தேடணும்."

புகார் கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். கொடுத்தாராம். புகார் அலுவலகம், இது லைசென்ஸ் அலுவலகத்து விஷயம் என்றதாம். அவர்கள் கட்டண அலுவலகத்தைக் காட்டினார்களாம். அங்கே கம்பெனியிடமே கேள் என்றார்களாம். கம்பெனிக்காரன் புகார் அலுவலகத்துக்குப் போகச் சொன்னானாம். "நான் ஒரு ரவுண்டு வந்து முடிக்கறதுக்குள்ள அந்தக் கடன்காரப் பொண்ணு வேற கம்பெனிக்கு மாறி, அங்கேருந்து கூப்பிடுதும்மா. சௌக்கியமான்னு வேற கேக்குது."

தையல்கடை அம்மா எழுந்தபோது கூட்டம் அடங்கியது. "என் வீட்டுக்காரர் போயி மூணு வருஷம் ஆச்சு. அவரோட நம்பர நான்தான் வச்சிருக்கேன். தினமும் அவரைக் கேட்டு போன் வரும். 'சார் இருக்காரா, சாருக்கு ஒரு நல்ல செய்தி'ன்னு. இறந்துட்டாருன்னு சொல்லிப் பார்த்தேன். அப்ப எப்ப கூப்பிடலாம்னு கேக்கறாங்க." யாருக்கும் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. அந்த அம்மாவே முதலில் சிரித்தார்.

அப்போதுதான் ஒரு கம்பெனி வக்கீல் எழுந்தார். அறிவிப்பே பிழை என்றார். கூட்டம் 'தொலைத்தொடர்பு' பற்றி, இவர்கள் வந்திருப்பதோ இல்லாத ஒரு விஷயத்தைப் பற்றி, ஆகவே இங்கே பேசியது எதுவும் பதிவில் ஏறக்கூடாது. "இந்தக் கேலிக்கூத்துக்கு யார் பொறுப்பு?"

கோப்பு சாரின் கோப்பு கீழே விழுந்தது. அவர் குனிந்து பொறுக்கினார். நிமிரவே இல்லை. அவர் முதுகைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் கை தானாக மேலே போயிருந்தது. யாரோ என்னை முன்னால் தள்ளினார்கள். யாரோ மைக்கைக் கொடுத்தார்கள். நிஜ மைக். பைண்டர் அண்ணன் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

வாயைத் திறந்தால் சிரிப்பு வந்தது. நிற்கவில்லை. மைக்கில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நான்தாங்க" என்றேன். "அச்சகத்துல அடிக்கறது நான்தான். தொதொன்னு ஒரு சுருக்கம் வச்சேன். அதுல ஒரு 'ல்' கூடிப்போச்சு."

"தொதொவா?" என்றார் தலைவரம்மா.

"ஆமாங்க. தொதொ."

மண்டபம் வெடித்தது. வக்கீலின் உதவியாளரே சிரித்தார். தலைவரம்மா கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, வக்கீல் சொல்வது சட்டப்படி சரிதான் என்றார். அறிவிப்பு தவறு, கூட்டம் செல்லாது. மண்டபம் அப்படியே இறங்கிப்போயிற்று. "அதனால மறுபடியும் அறிவிப்பு கொடுத்து மறுபடியும் கூட்டம் போடறோம். இந்தத் தடவை அறிவிப்புல ரெண்டு சொல்லும் இருக்கும். தொலைத்தொடர்பு, தொல்லைத்தொடர்பு. ரெண்டைப் பத்தியும் பேசுவோம். அப்ப உங்களுக்கு ஆட்சேபணை இருக்காதே வக்கீல் சார்?"

கைதட்டல். நான் மைக்கைப் பிடித்தபடியே நின்றிருந்தேன். யாரோதான் வாங்கிக்கொண்டார்கள்.

மார்ச் 21, வெள்ளி

குழுவின் வேலையை வேறு அச்சகத்துக்கு மாற்றிவிட்டார்கள். மேலிடத்து உத்தரவாம்.

அக்கா திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம். "இத நம்பித்தான் உன்ன வச்சுக்கலாம்னு இருந்தேன். நாளையிலேர்ந்து வர வேண்டாம்மா" என்றாள். கோப்பு சார் கடன் போன்களைத் தட்டிக்கழிப்பது போல 'அம்மா' போட்டு அனுப்பியதுதான் ரொம்ப வலித்தது.

எதுக்குச் சிரிச்சேன் மைக்ல? அழுதிருந்தாலாவது பாவம்னு விட்டிருப்பாங்களோ?

மார்ச் 23, ஞாயிறு

அத்தைக்குப் போன் போயாயிற்று. அடுத்த வாரம் பஸ். அம்மா என் துணிகளை மடித்து வைத்தாள், முழுக்கைச் சட்டைகளாகப் பார்த்து. கடிக்குப் பாதுகாப்பு.

மார்ச் 29, சனி

இன்று நடந்ததை உடனே எழுதிவிட வேண்டும்.

மதியம் வாசலில் அக்கா. பின்னால் கோப்பு சார். அவர் பின்னால் பைண்டர் அண்ணன், சும்மா வேடிக்கை பார்க்க. கோப்பு சார் ஒரு போஸ்டரை விரித்தார். வேறு அச்சகத்தில் அடித்தது. நல்ல தாள், பளபளப்பு.

'தொலைத்தொடர்பு, தொலைத்தொடர்பு ஆகிய இரண்டும் பற்றிய பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்.'

"மூணு தடவை திருப்பி அனுப்பிட்டேன்" என்றார். குரலே இல்லை. "அங்க மெய்ப்புப் பார்க்கறவர் பெரிய தமிழ்ப் புலவர். தொல்லைன்னு எழுதிக் கொடுத்தா அடிச்சுத் திருத்திடறார். வேணும்னுதான் எழுதியிருக்கோம்னு சொன்னேன். அரசாங்கம் அப்படியெல்லாம் எழுதாதுன்னு எனக்கே பாடம் எடுக்கறார். கூட்டத்துக்கு நாள் நெருங்குது. தலைவரம்மா கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க, தப்பைச் சரியா அடிக்கற பொண்ணு ஒருத்திதான் இருக்கா, அவகிட்டயே போங்கன்னு."

அக்கா என்னைப் பார்த்து, "செருப்பைப் போட்டுக்கிட்டு வா" என்றாள். 'அம்மா' இல்லை. அப்பாடா.

அம்மா மட்டும் குழப்பத்தோடு கேட்டாள்: "தப்பா அடிச்சதுக்கு வேலைய விட்டு அனுப்பினீங்க. இப்பத் தப்பா அடிக்கத்தான் கூப்பிடறீங்களா?"

"ஆமாங்க" என்றார் பைண்டர் அண்ணன். "ஆனா இது தெரிஞ்சே கையெழுத்துப் போட்ட தப்பு."

ஓடினேன். தெருவில் நடக்க முடியவில்லை, ஓடத்தான் முடிந்தது. ஒரு சுருக்கம் போதாதென்று இரண்டு வைத்தேன், தொதொ, தொல்தொ. ஒவ்வொரு எழுத்தையும் விரல் வைத்துப் படித்தேன். அக்கா படித்தாள். பைண்டர் அண்ணன் படித்தார். கோப்பு சார் போனை அணைத்துவிட்டுப் படித்தார்.

ஏப்ரல் 10, வியாழன்

இரண்டாவது கூட்டம் மைதானத்தில். மண்டபம் போதாது என்று முன்பே தெரிந்துவிட்டது. வக்கீல்கள் ஆட்சேபிக்க எழுத்துப் பிழை தேடினார்கள். கிடைக்கவில்லை. நான் கடைசி வரிசையில் நாற்காலிமேல் ஏறி நின்று பார்த்தேன்.

லாரி டிரைவர் ஒருவர் என்னைச் சுட்டிக்காட்டிப் பக்கத்து ஆளிடம் சொன்னார்: "அதோ, தொதொ."

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சட்டம் சபையில் நிறைவேறிவிட்டது. மூன்று அலுவலகமும் கலைந்தன, ஒரே ஆணையம். ஆணையத்து உறுப்பினரை அமைச்சர் நினைத்த மாத்திரத்தில் தூக்க முடியாது என்று ஒரு பிரிவு. புகாரை வாங்கிய அலுவலகமே முடித்துத் தர வேண்டும், வேறு எங்கேயும் கைகாட்டக் கூடாது என்று ஒரு பிரிவு. அது முடிதிருத்துபவருடைய பிரிவு என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம்.

அப்புறம் ஒரு தனி அத்தியாயம். அச்சு வேலை மறுபடியும் எங்கள் கடைக்கே வந்துவிட்டது, இன்று காலை அதை நான்தான் அடித்தேன். "'தொல்லைத்தொடர்பு' என்பது, பெறுபவர் வேண்டாம் என்று ஒருமுறை கூறிய பின்னரும் அவருக்கு வரும் வணிக அழைப்போ செய்தியோ ஆகும்."

அந்தச் சொல் முன்பு எந்த அகராதியிலும் இல்லையாம். அக்காவே தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். நான் எழுந்து போய்க் குழாயடியில் நின்று, யாரும் பார்க்காத இடத்தில், இரண்டு தடவை குதித்தேன்.

பைண்டர் அண்ணன் பார்த்துவிட்டார்.

நவம்பர் 18, செவ்வாய்

தையல்கடை அம்மா ரசீதுப் புத்தகம் அடிக்க வந்தார். அழைப்பெல்லாம் நின்றுவிட்டதா என்று நானே கேட்டேன். இப்போதெல்லாம் சில பேரிடம் நானாகக் கேட்கிறேன்.

"நின்னுடுச்சும்மா. ஒரு தடவை சொன்னேன், அதோட சரி. நிம்மதி." தையல் ஊசியைச் சேலையில் குத்திக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்: "இப்ப அவரைக் கேட்டு யாருமே கூப்பிடறதில்ல."

புத்தகத்தின் மேலே அவர் கணவர் பெயரையும் போடட்டுமா என்று கேட்டேன். போடச் சொன்னார். மூன்று தடவை சரிபார்த்தேன்.

ஜனவரி 5, திங்கள்

காலையில் கிளம்பும் நேரத்தில் அத்தை போன். அம்மா எடுத்தாள். பையன்களைப் பள்ளியில் சேர்க்கிறார்களாம், கூட இருக்க ஒரு மாதமாவது என்னை அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறாள்.

"அவ எங்கேருந்து வர்றது?" என்றாள் அம்மா. "கடைச் சாவியே இப்ப அவகிட்டதான் இருக்கு. அவ போய்த் திறந்தாத்தான் முதலாளியே உள்ள போக முடியும். சட்டமெல்லாம் அவதான் அடிக்கறா. ஆமா, அரசாங்கச் சட்டம். இல்லங்கறேன், அதெல்லாம் எல்லாருக்கும் வராது..."

நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். மாட்டி முடித்தாயிற்று. வாரை அவிழ்த்து மறுபடியும் மாட்டினேன்.